வெயில் பக்கத்து ஜன்னல்

கும்மிடிப்பூண்டியில் காலை ரயில் ஏறும் நாங்கள் எல்லோரும் நிழல் பக்கத்து இடத்துக்கு அடித்துக்கொள்வோம். ஒரு கல்லூரிப் பெண் மட்டும் வெயில் பக்கத்து ஜன்னலைத் தேடிப் போவாள். பையின் மேல் தைத்திருந்த சின்ன சோலார் தகட்டில் அவளுடைய போன் சார்ஜ் ஏறும். ஒல்லியான பெண், இடது கை மட்டும் ஒரு படி அதிகமாகக் கருத்திருக்கும். ஈரத்துணியால் அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

"ரயிலையே இதுல ஓட்டிடுவ போலிருக்கேம்மா" என்றேன் ஒருநாள். என் நகைச்சுவை அந்த அளவில்தான் இருக்கும்.

சிரித்தாள். "ஊட்டு மாடிலயும் ஒண்ணு வச்சிக்கீறேன் சார். காலைல தொடச்சா சாயங்காலத்துக்குள்ள ஃபேக்டரி கரி மூடிக்குது."

"தொடச்சிக்கிட்டே இருந்தா ஆச்சா? புகார் குடும்மா!" உலகைத் திருத்துவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு, உட்கார்ந்தபடியே.

"எழுதி வச்சிக்கீறேன் சார். எங்கப்பா அந்த ஃபேக்டரிலதான் கான்ட்ராக்ட்ல போறாரு. எம்பேரு இருந்தா அவர நாளிக்கே நிறுத்திடுவாங்க. நீங்க கையெழுத்து போடுறீங்களா?"

என் வீட்டு மொட்டை மாடியிலும் அதே கரிதான். ஆனாலும் என் வாயில் வந்தது இது: "நான் வாடகைக்கு இருக்கிறவன்மா."

புகை என்னவோ வீட்டுச் சொந்தக்காரர் மூக்கில் மட்டும் ஏறுவது போல.

"பரவால்ல சார்" என்றாள். கோபமே இல்லை. பலபேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். அந்த ரயிலில் எனக்கு முன்னால் எத்தனை வாடகைக்காரர்களைப் பார்த்திருப்பாளோ.