உஸ்தா தாத்ரோஸின் மீசைப் பந்தயம்

குழம்புக் கரண்டியின் குழியை இஞ்சின் மேல் அழுத்தி, காம்பைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார் மெக்கானிக் உஸ்தா தாத்ரோஸ். கைதேர்ந்த தொழிலாளிகளை ‘உஸ்தா’ என்றழைக்கும் கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில், எந்த மருத்துவரும் நோயாளியின் நெஞ்சை இவ்வளவு நேரம் கேட்பதில்லை.

"மூணாவது சிலிண்டர். கேம் ஷாஃப்ட் தேஞ்சு போச்சு."

அறுபதுகளில் பிறந்த அந்தக் கார், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ரிஃபத்துடையது. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண்களில் பாதிப்பேர் அதில்தான் போகிறார்கள். ஆறு மாதம் முன்புதான் எதிர்க்கடை உஸ்தா ஹில்மி புது ஷாஃப்ட் போட்டார்; அது உரசும் டாப்பெட்டுகளை மட்டும் பழையதாகவே விட்டுவிட்டார். தாத்ரோஸ் ஒன்றைக் கழற்றி நகத்தால் தடவினார்.

"பழசு புதுசைத் தின்னுருச்சு. மாமியார் வீடு மாதிரி."

"நீ போட்டாலும் அதே கதிதான்" என்றார் ஹில்மி, வாசலில் நின்றபடி.

"வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு ஓடும். ஓடலைன்னா இந்த மீசையை நீயே எடுத்துக்க."

நாற்பது வருட மீசை. ஹில்மி போய் ஒரு சவரக்கத்தி வாங்கி வந்தார்.

வியாழன் மதியம். புது டாப்பெட்டுகள் தயார். புது ஷாஃப்ட்டின் முட்டை வடிவ மூக்குகளில் கறுப்புப் பசையைப் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைத்தார் தாத்ரோஸ். கண்டம் அதற்குப் பிறகுதான். ஷாஃப்ட்டும் டாப்பெட்டுகளும் ஒன்றோடொன்று பழக, இருபது நிமிடம் இஞ்சின் வேகம் குறையாமல் அலற வேண்டும். நடுவில் அடங்கினால் ஷாஃப்ட் போச்சு, மீசையும்.

ஐந்தாவது நிமிடம், மூன்றாம் மாடியில் இருக்கும் நஜ்வாவின் அம்மா, உம் நஜ்வா, கயிற்றில் காய்கறிக் கூடையை இறக்கினாள். கூடைக்குள் ஒற்றைச் செருப்பு மட்டும் இருந்தது.

"நிறுத்துய்யா உஸ்தா. பேரன் இப்பத்தான் கண்ணசந்தான். முழிச்சுருவான்."

"பையன் முழிச்சா மறுபடி தூங்குவாம்மா. இது தூங்குனா மறுபடி முழிக்காது."

"பச்சப்புள்ளைக்காகவாவது நிறுத்தேன்ப்பா" என்று கருணை பொங்கச் சொன்னார் ஹில்மி. கத்தி பாதி விரிந்திருந்தது.

இருபது நிமிடம் முடிந்ததும், வேகத்தைக் கூட்டிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார் தாத்ரோஸ். அலறல் இறங்கி இறங்கிக் காணாமலே போனது.

"நின்னுருச்சு" என்று ஹில்மி கத்தியை முழுசாக விரித்தார்.

தாத்ரோஸ் கரண்டியின் குழியை இஞ்சின் மேல் அழுத்தி, காம்பை அவர் காதில் வைத்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, திடீரென்று சந்து அமைதியானதில் விழித்துக்கொண்டு பையன் வீறிட்டான்.

ஹில்மி கத்தியை மடித்தார். டப்பாவில் மிச்சமிருந்த கறுப்புப் பசையில் விரலைத் தோய்த்து, தாத்ரோஸ் மீசையின் வலது நுனியை முறுக்கினார். பிறகு, நிதானமாக, இடது நுனியை.