புக்கிட் சீனாவை வாசித்த எங்கள் மாமா

மாமாவின் பதினாறாம் நாள் சாப்பாட்டில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவேதான் இந்தக் கட்டுரை எனக்குத் தோன்றியது. புக்கிட் பாருவிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட சித்தப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கி, பந்தி முழுவதற்கும் கேட்கும்படி என்னைக் கேட்டார்.

"ஏம்மா, நானும் இத்தன வருசமா கேக்கணும்னே இருந்தேன். ஒங்க மாமா அந்தச் சீனன் பொதகாட்டுல அப்படி என்னத்தத்தான் தேடிக்கிட்டு இருந்தாரு? பொதையலா?"

பந்தி சிரித்தது. துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று இரண்டு பேர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிறகு அவர்களும் சிரித்தார்கள். என் அப்பா பதில் சொல்ல முயன்றார்.

"அது வந்து தம்பி, அவரு சரித்திரம் எழுதினாரு."

"சரித்திரம்னா ராஜா கதைதானே? ராஜா அங்கயா இருக்காரு?"

"ராஜா இல்லப்பா, இது வேற."

அதற்குள் மோர் வந்துவிட்டது. உள்ளறை வாசலில் உட்கார்ந்திருந்த அத்தை, "மோரு குடிக்கிற நேரத்துல சொல்லி முடிக்கிற விசயமா அது? வருசத் திதிக்குப் புஸ்தகம் போடுவோம்ல, இவ எழுதட்டும்," என்று என்னைக் காட்டினார். அந்த நிமிடமே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். பாயசம் வந்ததா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

ஆகவே இது முதலில் சித்தப்பாவுக்கான பதில். மாமா என்று நான் எழுதுவது என் அத்தையின் கணவரை, அப்பாவின் ஒரே தங்கையைக் கைப்பிடித்தவரை. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் கூட்டு வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டு சீனாவின் சரித்திரத்தை எழுதிய வெள்ளைக்காரர் அவர்.

மாமா இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி ஆலைகள் நிறைந்த ஒரு சிறு நகரில் பிறந்தார். தந்தையார் ஆலையில் தறி ஓட்டியவர். வீட்டுக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. அங்கே வந்திறங்கும் தேயிலைப் பெட்டிகளில் சீன எழுத்துகள் இருக்குமாம். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிறுவயது மாமா கேட்க, கடைக்காரர் "தேயிலை" என்பாராம். இவ்வளவு எழுத்துக்கும் வெறும் தேயிலைதானா என்று அவருக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் அவரை உதவித்தொகையில் பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் கொண்டுபோனது. அங்கே கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, பழைய துறைமுகங்களின் வாணிபத்தைப் பற்றி நூல் எழுதத் தொடங்கினார். போர் வந்து ஜப்பான்காரர்கள் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாராம். மறுபடி எழுத உட்கார்ந்தார். ஆட்சி மாறியது. வெளிநாட்டார் எல்லாரையும் போல அவரையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். பாதி நூலோடு மலாக்காவுக்கு வந்து, ஆங்கிலப் பள்ளி ஒன்றில் சரித்திர ஆசிரியரானார்.

வந்த வேகத்தில் மலேரியா. பொது மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் தென்சீனத்து ஹொக்கியன் பேசும் ஒரு முதியவர். ஒருவழியாகப் பேச ஒரு சீனர் கிடைத்தாரே என்று, மாமா தமக்குத் தெரிந்த வடசீனத்து ஏட்டுமொழியில் அவருடைய குலம், கோத்திரம், நலம் எல்லாம் விசாரித்திருக்கிறார். முதியவர் மிரண்டுபோய்த் தாதியைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, சீக்கிரம் வா. துரைக்கு ஜுரம் தலைக்கு ஏறிடுச்சு. சாமி வந்தவன் மாதிரி பேசுறாரு."

அந்த மிஸ்ஸிதான் என் அத்தை. வார்டில் புழங்கிப் புழங்கி அத்தைக்கு ஹொக்கியன் நன்றாக வரும். "ஜுரம் எறங்கிடுச்சு தாத்தா, அவரு படிச்ச சீனம் அப்படி," என்று சமாதானம் சொல்லிவிட்டு, மாமாவிடம் ஆங்கிலத்தில், இந்த ஊரில் யாரிடமும் அப்படிப் பேசாதீர்கள், பூசாரியைக் கூட்டி வந்துவிடுவார்கள் என்றாராம். குணமான பிறகும் மாமா வாரம் ஒருமுறை ஏதாவது வலி என்று மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார். டாக்டர்தான் கடைசியில், இதற்கு என்னிடம் மருந்தில்லை, பெண்ணின் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார்.

பெண் கேட்டு வந்த அந்த நாளை எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒருவர் நடித்துக் காட்டாமல் தீபாவளி முடியாது. மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் சீனர் கல்யாண முறைதான். அதில் நல்ல காரியம் எல்லாம் இரட்டைப்படை. ஆகவே ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் பழம், வெற்றிலை, சேலை, இனிப்பு என்று வாங்கி, எட்டுத் தட்டுகளோடு இரண்டு திரிஷா சைக்கிள் வண்டிகளில் வந்து இறங்கினார். தாத்தா, அதாவது அத்தையின் தந்தையார், பொதுப்பணி இலாகாவில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். எதையும் எண்ணிப் பார்ப்பவர்.

"எட்டா? வரிசைத் தட்டு ஒத்தப்படையிலதானே வைப்பாங்க."

"ஒண்ண எடுத்து உள்ள வச்சிட்டாப் போச்சுப்பா," என்றார் என் அப்பா.

மாமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அப்போது அவருக்கிருந்த புத்தகத் தமிழில், "ஐயா, எடுக்க வேண்டாம். ஏழாகிவிடும். ஒற்றை என்றால் சீனர் வழக்கில் பிரிவு," என்றார்.

"இந்த வீட்டுல யாருய்யா சீனன்?" என்றார் தாத்தா.

இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு நோன்யா. எங்கள் தெருவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் மலாய் பேசும் மலாக்கா செட்டிகள், மறுபக்கம் மலாய் பேசும் பாபா சீனர்கள் (அவர்கள் வீட்டுப் பெண்களைத்தான் நோன்யா என்போம்), நடுவே தமிழ் பேசும் நாங்கள். நோன்யா உள்ளே போய், ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் வாசலுக்கு வந்து மலாயில் சொன்னார்.

"இந்தா, இது என் தட்டு. மாப்பிள்ள கொண்டாந்தது எட்டு, அது ரெட்டை. ஒன் வீட்டுக்கு வந்தது ஒம்பது, அது ஒத்தை. இப்ப யாருக்கு என்ன கொறைச்சல்? காப்பியக் கொண்டா."

தாத்தா சிரித்துவிட்டார். ஆனால் அவர் மனத்தில் இருந்தது தட்டுக் கணக்கு அல்ல. காப்பி குடித்து முடித்ததும் அதைக் கேட்டார். "தட்டு சரி. ஆளு? வெள்ளக்காரங்க எல்லாம் மூட்ட கட்டிக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு மெர்டேக்கா, சொதந்திரம்னு வந்து நீங்களும் கப்பலேறிட்டா, எம்பொண்ணு கதி?"

"ஐயா, சீனாவில் என்னைக் கப்பலேற்றினார்கள். நானாக ஏறவில்லை."

"அது பதில் இல்ல."

"இல்லைதான் ஐயா. பதில் என்னிடம் இன்னும் இல்லை."

உள்ளேயிருந்து அத்தை, "அப்பா, இதுவரைக்கும் வந்த மாப்பிள்ளைங்கள்ல பொய் சொல்லாதவரு இவர் ஒருத்தர்தான்," என்றார். கல்யாணம் நடந்தது. ஆனால் தாத்தாவின் கேள்வி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அது சும்மா தங்கியிருக்கவும் இல்லை. மாமாவின் பாதி நூல் முடிய வேண்டுமானால் சீனத்துப் பழைய ஆவணங்கள் இருக்கும் ஏட்டறைகளைப் பார்க்க வேண்டும். அந்தக் கதவு மூடிக் கிடந்தது. சீனாவுக்குப் போக முடியாத சீன சரித்திரக்காரர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சுதந்திரம் வரவிருந்த அந்த வருடம், அவர் படித்த பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைத்தது. பேராசிரியர் பதவி, சீன நூல்கள் நிறைந்த நூலகம், இரண்டும் உண்டு. மறுத்தால் இனி அழைப்பில்லை என்பதும் தெளிவாக இருந்தது. அத்தை, "போவோம். நானும் வர்றேன். அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கும்ல," என்றார். தாத்தா மாமாவிடம் மழை வெயில் பற்றி மட்டும் பேசினார்.

அந்தச் சமயத்தில்தான் சீனர்களின் கல்லறைத் திருநாள் வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள் குடும்பம் குடும்பமாகப் புக்கிட் சீனா குன்றுக்கு ஏறி, முன்னோர் கல்லறைகளில் புல் செதுக்கிப் படையல் வைப்பார்கள். நோன்யா வேலியோரம் வந்து மாமாவைக் கூப்பிட்டார். "துரை, நீதான் சீன எழுத்து படிப்பியே. எங்க பாட்டன் கல்லுல என்ன எழுதியிருக்குன்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. வந்து படிச்சுச் சொல்லு."

மலாக்கா பாபாக்கள் பல தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள். சொந்தப் பாட்டனின் கல்லறையைக் கும்பிடுவார்கள், படிக்கத் தெரியாது. மாமா, அத்தை, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்று எல்லாரும் போனோம். நோன்யா வீட்டார் தங்கள் மூதாதை அரண்மனை உத்தியோகஸ்தர் என்று எப்போதும் சொல்லிக்கொள்வார்கள். மாமா மண்டியிட்டு, பாசியைச் சுரண்டி, எழுத்தெழுத்தாக மலாயில் படித்தார். இன்ன மாவட்டம், இன்ன கிராமம், கல் நட்ட பிள்ளைகளின் பெயர்கள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தக் கிராமம் எனக்குத் தெரியும். கடற்கரை. அங்கே எல்லாரும் மீனவர்கள்."

நோன்யா கல்லைக் கையால் தட்டினார். "அதான பார்த்தேன். அரமனைக்காரனுக்கு எங்க வீட்டு மீன் கொழம்பு வருமா?" என்றார். சொல்லிவிட்டு, பாட்டனைப் பற்றித் தம் தாய் சொன்ன கதைகளை அங்கேயே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கல்லறைக் குடும்பம் வந்தது. "துரை, எங்களதும்." அப்புறம் அதற்கு மேலே இருந்த குடும்பம். வெயில் சாய்வதற்குள் மாமாவைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டம். அவர் ஒரு கல்லைப் படித்துக் கொடுப்பார், அவர்கள் அந்தக் கல்லில் இல்லாததையெல்லாம் சொல்வார்கள். தாம் தேடிக்கொண்டிருந்த துறைமுகங்களிலிருந்து கப்பலேறியவர்கள் எல்லாரும் இந்தக் குன்றில்தான் இருக்கிறார்கள் என்று மாமா கண்டுகொண்டது அன்றுதான். சித்தப்பா, அவர் தேடியது இதைத்தான்.

மறுநாள் மாலைக் காப்பியின்போது மாமா தாத்தாவின் எதிரே வந்து நின்றார். "ஐயா, அன்று கேட்டீர்களே. இப்போது பதில் இருக்கிறது. நான் போகவில்லை."

தாத்தா டம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்சம் தாமசம்தான்," என்றார். பிறகு உள்ளே பார்த்து, "மாப்பிள்ளைக்கும் ஒரு காப்பி," என்றார். அதுவரை அவர் மாமாவை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை.

இந்தப் பதிலுக்கு மாமா கொடுத்த விலை சிறிதல்ல. கல்லறைக் கல்லும் வீட்டுப் பெண்கள் பேச்சும் சரித்திரமாகாது என்று அவருடைய முதல் கையெழுத்துப் படி இலண்டனிலிருந்து திரும்பி வந்தது. கூடப் படித்தவர்கள் கடிதம் எழுதுவதையும் நிறுத்தினார்கள். மாமா சோர்ந்தாரா என்றால், இரண்டு நாள் சோர்ந்தார். மூன்றாம் நாள் ஒரு புது முறை கண்டுபிடித்தார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதுவதற்கு முன், சாயங்காலம் எங்கள் கூடத்தில் தமிழில் சொல்லிப் பார்ப்பார். தாத்தா குறட்டை விட்டால் அந்தப் பத்தியை அடித்துவிடுவார். அத்தை குறுக்குக் கேள்வி கேட்பார்.

"அந்த ஆளு கப்பலேறுனப்ப, பொண்டாட்டி என்ன சொன்னா?"

"அது கல்லுல இல்லம்மா."

"கல்லுல இல்லன்னா, போயி அவங்க வீட்டுல கேளுங்களேன்."

போய்க் கேட்டார். ஊரிலேயே விட்டுவரப்பட்ட மனைவிமார் பற்றிய அத்தியாயம் அப்படித்தான் பிறந்தது. அறிஞர்கள் பின்னாளில் அதைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். அத்தைக்கு அதில் இன்றுவரை பெருமை. நானும் சளைக்கவில்லை. ஒரு சீனப் பேரரசரைப் பற்றி மாமா சொல்லும்போது, "இவரு நம்ம குன்றுல இல்லையே, எதுக்கு வர்றாரு?" என்று கேட்டுப் பதினொரு பக்கம் குறைத்தேன். அதற்குள் மாமாவின் தமிழும் புத்தகத்தை விட்டு இறங்கி, காஜா பேராங்குக்கே வந்துவிட்டது.

நூல் வெளிவந்தது. வேண்டாம் என்றவர்களே இலண்டனுக்கு உரையாற்ற அழைத்தார்கள். அத்தையோடு கப்பலேறிப் போனார், பேசினார், திரும்பி வந்தார். பேருந்து நிலையத்தில் குடையோடு காத்திருந்தவர் தாத்தா. "யாரையோ பாக்க வந்தேன்," என்று எங்களிடம் ஒரு சாக்கு சொன்னார்.

சென்ற ஆண்டு மாமாவின் இதயம் பலவீனமாகிவிட்டது, குன்று ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். அப்படியும் கல்லறைத் திருநாளில் அடிவாரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களோடு கதை பேசினார். எங்கள் சந்துமுனைச் சீனக் காப்பிக்கடைக்காரர், "துரை, எங்க அப்பா கல்லு மட்டும் இன்னும் படிக்காமக் கெடக்கு, ரொம்ப மேல இருக்கு," என்றார். "அடுத்த வருசம் ஏறிடுவேன்லா," என்றார் மாமா. சில வாரங்கள் கழித்து ஒரு காலை, காப்பி குடித்துவிட்டு நாளிதழை விரித்து, நாற்காலியில் அமர்ந்தபடியே எங்களை விட்டுப் பிரிந்தார்.

அன்று எங்கள் வாசலில் ஒரு வழக்கு நடந்தது. பிறந்த சமயப்படி தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்றார் பாதிரியார். குன்றில் இடம் ஒதுக்கிவிட்டோம் என்றார்கள் சீனர் சங்கத்தார். நோன்யா யாரையும் கேட்காமல் சாம்பிராணி ஏற்றிவிட்டார். தாத்தா தடியை ஊன்றி எழுந்தார். "இந்த ஆளு போயிடுவாரோன்னு ஒரு காலத்துல நான் ஒருத்தன் பயந்துக்கிட்டு இருந்தேன். இப்ப ஆளாளுக்கு விடமாட்டேங்கிறீங்க." அழுதுகொண்டிருந்த அத்தையே சிரித்துவிட்டார். அத்தையின் விருப்பப்படி நம் முறையில் தகனம் நடந்தது. பாதிரியார் ஜெபம் சொன்னார், சீனர் சங்கத்தார் துணிப்பதாகை பிடித்து முன்னால் நடந்தார்கள்.

அவர்களுக்கும், நோய்க்காலத்தில் நேரம் பார்க்காமல் வந்து போன டாக்டருக்கும், அத்தையோடு வேலை பார்த்த மிஸ்ஸிமாருக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சோறாக்கி அனுப்பிய நோன்யா வீட்டாருக்கும், செட்டித் தெருக்காரர்களுக்கும், மாமாவின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கேள்வி கேட்ட சித்தப்பாவுக்கு என் தனி நன்றி.

இந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளில் நானும் அத்தையும் குன்றுக்குப் போனோம். பழக்கதோஷத்தில் குடும்பங்கள் அடிவாரத்திலேயே காத்திருந்தன. "யாரு படிப்பா?" என்று கேட்டார்கள். காப்பிக்கடைக்காரர் காத்திருக்கவில்லை. மேலே ஏறி, படையல் வைத்து, இறங்கி வந்து, எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் நான் சிங்கப்பூருக்குப் போகிறேன், பல்கலைக்கழகத்தில் சீனம் படிக்க. வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதானாம். மாமா எங்கள் கூடத்தில் தமிழில் சொன்ன சரித்திரத்தைத் தமிழிலேயே நூலாக எழுதுவது என் பெரிய ஆசை. அதற்குச் சில வருடங்கள் ஆகலாம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வரும் கல்லறைத் திருநாளுக்கு விடுமுறை எடுத்து வந்து, குன்றின் உச்சிவரை ஏறி, காப்பிக்கடைக்காரரின் தந்தையார் கல்லை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நான் படிக்கப் போகிறேன். தப்பாகப் படித்தால் கல்லுக்குக் கீழே இருப்பவரே சிரிக்கட்டும், அடுத்த வருடமும் ஏறுவேன்.