மருந்து: காலை நாஷ்டா

போன ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டையில் ஒரு கிரகப்பிரவேசம். பந்திக்குப் போகிற வழியில் சம்பத் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கம்பெனியில் முன்பு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். என்னை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவரின் பார்வை வயிற்றில் வந்து நின்றது.

"இன்னா சார், மறுபடியும் ஊதிட்டியே. நல்லா எளைச்சி ஸ்மார்ட்டா இருந்தியே..."

"ரொம்ப தேங்க்ஸ் சம்பத்" என்றேன்.

பாவம். கோபித்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பார். நன்றி சொன்னதும் பயந்துபோய்ப் பாயசம் வைத்திருந்த பக்கமாக ஒதுங்கிவிட்டார்.

நான் கிண்டலாகச் சொல்லவில்லை. இந்தத் தொப்பையை இப்போது ஒரு ஃபிட்னெஸ் சர்ட்டிஃபிகேட் மாதிரிதான் பார்க்கிறேன். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் கம்பெனியில் மெடிக்கல் செக்கப் நடந்தது. சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, சாப்பாட்டில் கொஞ்சம் கவனமாக இருங்கள் என்றார் டாக்டர். அதில் 'கொஞ்சம்' என்ற சொல் மட்டும் என் காதில் விழவில்லை.

எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளா நான்? யூடியூபில் நாலு வீடியோ பார்த்தேன். நாஷ்டாவை நிறுத்தினேன். மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. ஊரே பாராட்டியது. கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தி டிப்ஸ் கேட்டார். பாதுகாப்பு வாரத்தில் என்னை மேடையேற்றி 'சுயக் கட்டுப்பாடு' பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் கொடுமை.

ஏனென்றால் அன்றைக்கும் ஷிப்ட் முடிந்ததும் நான் போன இடம் ஹைவே ஓரத்து லாரி பார்க்கிங். பைக்கில் பரோட்டா, பிரியாணி, இன்னொரு கடையில் வாங்கிய இனிப்பு... இரண்டு லாரிகளுக்கு நடுவே நின்று, ஹெல்மெட்டைக்கூட முழுதாகக் கழற்றாமல், யாரோ துரத்துகிற மாதிரி சாப்பிடுவேன். ருசி தெரியாது. வயிறு வலிக்கும். கை நிற்காது. அப்புறம் வெட்கம் வந்து உட்காரும். அந்த வெட்கத்துக்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி. பட்டினி கிடந்தால் சாயங்காலம் என்ன ஆகும்? மறுபடியும் லாரி பார்க்கிங்.

உலகத்தில் மற்றவர்கள் சாப்பிடாமல் இருப்பதை மறைப்பார்கள், அல்லது சாப்பிட்டதை மறைப்பார்கள். நான் ஒரே நாளில் இரண்டையும் மறைத்தேன். இவ்வளவு உழைப்பை ஸ்டோர்ஸில் காட்டியிருந்தால் மேனேஜராகியிருப்பேன்.

ஒரு நாள் மதியம் சர்வீஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். கண் இருட்டியது. பைக் சாய்ந்தது. பின்னால் வந்த லாரி கிறீச்சென்று நின்றது. என் தலைக்கும் அதன் டயருக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடம் இல்லை. டிரைவர் இறங்கி வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார்.

"சாப்ட்டியா இல்லியா நீ?" என்று கேட்டார்.

தமிழ்நாட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். அதற்குத்தான் வீட்டிலும் கம்பெனியிலும் தினமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ரோட்டோரம் அழுதேன்.

முழங்கையில் சிராய்ப்புடன் வீட்டுக்குப் போனேன். என் மனைவி கலா டெட்டால் தடவிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரொம்ப நாளா பாத்துக்கினு தான் இருக்கேன். லேட்டா வரீங்க. ஊட்ல சாப்பாடு வேணாம்ன்றீங்க. சட்டையில சால்னா வாசன. இன்னா, வேற ஊடு எதனா வச்சிக்கினு இருக்கீங்களா?"

பரோட்டாவுடன் எனக்கு இருந்த கள்ளத்தொடர்பை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். முதலில் சிரித்தாள். வேறு பெண் இல்லை என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. நான் லாரி டயர் வரைக்கும் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது வயிறு சமாச்சாரம் மாதிரி தெரியல" என்றாள். "வாங்க, யாரையாவது பாக்கலாம்."

யாரை? அங்கேதான் ஆரம்பித்தது எங்கள் யாத்திரை.

முதலில் பஜாரில் ஒரு கிளினிக். வாயைக் கட்டுங்க சார் என்றார்கள். காலையிலிருந்து கட்டித்தான் வைத்திருக்கிறேன், சாயங்காலம் அவிழ்ந்துவிடுகிறது என்றேன். அதற்கு அவர்களிடம் மாத்திரை இல்லை. அடுத்து, காலையில் எடை குறைக்கிற பவுடரைக் கலக்கிக் கொடுத்துக் கைதட்டுகிற ஷேக் கிளப். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் எனக்கு பேட்ஜ் கிடைக்கும் என்றார்கள். நோயாளியாகப் போனவன் ஏஜெண்டாகத் திரும்பப் பார்த்தேன். போனில், 'சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை' என்று அடித்துத் தேடினேன். எடை குறைக்கிற விளம்பரமாக வந்து கொட்டியது. குடியை விட வழி கேட்டவனுக்கு ஒயின்ஷாப்புக்கு வழி காட்டுகிற மாதிரி!

கடைசியில் வழி கண்டுபிடித்தது கலாதான். பக்கத்து வீட்டுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரப் பணியாளரிடம் விசாரித்திருக்கிறாள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் ஒன்று இருக்கிறது, தமிழிலேயே பேசலாம் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். எண்ணை அழுத்திப் போனை என் காதில் வைத்தது கலா. எதிர்முனையில் ஒரு பெண் குரல். நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. 'கட்டுப்பாடு' என்ற சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்காத முதல் ஆள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்றார்.

மனநலப் பிரிவா? நானா? ஊத்துக்கோட்டையில் பஸ் மாறிப் போகும்போதே மாஸ்க், தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டேன். அந்த ஓ.பி. வராந்தாவில் சந்தேகப்படும்படி இருந்தது நான் ஒருவன்தான்.

பக்கத்தில் ஒரு பெண், தன் அம்மாவோடு. துப்பட்டாவுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சார், பேப்பர்ல எழுதறது நீங்க தான?" என்றாள்.

மாஸ்க்குக்கு மேலே என்ன தெரிந்ததோ! தொப்பியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெயர் ஜெனிபர். அத்திப்பட்டில் வீடு, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. மீதியை அவள் அம்மா சொன்னார். கல்யாணத்துக்குக் கொஞ்சம் இளைக்கலாம் என்று ஆரம்பித்தாள். கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. இளைப்பது நிற்கவில்லை. இப்போது ஒரு இட்லியைப் பார்த்தாலே பயப்படுகிறாள். கம்பெனியில் அசெம்பிளி லைனில் மயங்கி விழுந்த பிறகுதான் இங்கே அழைத்து வந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து அவர்கள் தெருக்காரர் ஒருவர் மருந்து கவுன்டர் பக்கம் வந்தார். ஜெனிபர் சட்டென்று எழுந்தாள்.

"வாம்மா, ஊட்டுக்குப் போலாம். லூசுன்னு சொல்வாங்க."

அம்மா அவள் கையைப் பிடித்தார். அந்தக் கையைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. இவள் இன்று திரும்பிப் போனால் மறுபடி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்கே ஓடிப்போகத்தானே ஆசை?

"ஏகாம்பரம் யாரு? ஏகாம்பரம்!" என்று நர்ஸ் கூப்பிட்டார். நான்தான். தெருக்காரர் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடியையும் மாஸ்க்கையும் கழற்றினேன்.

"நான் உள்ள போய்ட்டு வரேம்மா" என்றேன் அவளிடம். "நீ போய்ட்டா இங்க லூசுன்னு நான் ஒருத்தன்தான் மாட்டுவேன். கொஞ்சம் துணைக்கு உக்காரு."

உள்ளே ஓர் இளம் பெண் டாக்டர். இது நோய், இதற்குப் பெயர் இருக்கிறது, உங்கள் மன உறுதியின் குறைபாடு இல்லை என்றார். எத்தனையோ நாளாகச் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கவுன்சிலரிடமும் டயட்டீஷியனிடமும் போகச் சொன்னார். பெரிய மருந்தாக எழுதுவார் என்று காத்திருந்தேன்.

"நேத்து எவ்ளோ சாப்பிட்டிருந்தாலும் சரி, இன்னிக்கு பட்டினி கெடக்கக் கூடாது. காலையில நாஷ்டாவுல ஆரம்பிங்க. மூணு வேளையும் யார் கூடயாவது உக்காந்து சாப்பிடுங்க."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, என் வாழ்க்கையிலேயே கஷ்டமான மருந்து அதுதான்.

வெளியே வந்தேன். ஜெனிபர் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு முதலில் ரத்தம், இதயம் எல்லாம் பரிசோதித்தார்கள். நிலைமை கொஞ்சம் மோசம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில வாரங்கள் இருந்துவிட்டு வந்தாள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் கவுன்சிலர் எங்களைக் குழுவில் உட்காரவைத்தார். எங்களைப் போன்றவர்களுக்கென்று தனிக் குழு நடத்த ஆள் சேரவில்லை. அதனால் குடியை விட்டவர்களின் வட்டத்திலேயே இரண்டு நாற்காலி போட்டார்கள்.

அங்கே காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஏழுமலை, என் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார்.

"எனுக்கு கடை இருக்கற ரோட்ல போவாம இருந்தா போதும் சார். நீ இன்னாடான்னா டெய்லி மூணு வேளை கடைக்குள்ள குந்திக்கினே திருந்தணும். ரொம்ப பேஜாரு சார் உன் கேஸு."

ஜெனிபர் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது என்று துணைக்கு வந்திருந்த அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். என் நோய்க்கு இப்படி ஒரு அனுதாபம் அதுவரை கிடைத்ததில்லை.

இன்றைக்கு எப்படி இருக்கிறோம்? முழுசாகச் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நடுவில் இரண்டு தரம் லாரி பார்க்கிங்குக்குப் போய்விட்டேன். ஒளிக்காமல் டாக்டரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், மறுநாள் நாஷ்டா சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். ஜெனிபர் மறுபடி வேலைக்குப் போகிறாள். போன வாரம் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், கேன்டீன்ல லெமன் சாதம். அழுதுக்கினே தான் சாப்ட்டேன். ஆனா ஃபுல்லா சாப்ட்டேன்."

உங்கள் வீட்டில், உங்கள் லைனில் இப்படி யாராவது இருக்கலாம். திடீரென்று இளைத்தவரிடம் டிப்ஸ் கேட்பதற்கு முன் நல்லா இருக்கீங்களா என்று கேளுங்கள். திடீரென்று பருத்தவரிடம் ஒன்றுமே கேட்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்று ஒரு கதவு இருக்கிறது. கூட ஒருவர் வந்தால் அதைத் திறப்பது சுலபம்.

கடைசியாக ஒன்று. யாருடனாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கலா இப்போது நான் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் என் எதிரே தட்டோடு உட்காருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து எல்லோருக்கும் போட்டுவிட்டு ஆறியதைச் சாப்பிட்டுப் பழகியவள். முதல் நாள் ஒரு விள்ளல் இட்லியை வாயில் வைத்துவிட்டு, "சூடா இருந்தா இது நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

என் வைத்தியத்தில் முதலில் குணமானது அவள்தான்.