மசிபோ கேட்டு வாங்கிய தொகுதி

சிமவேரே சந்தையில் சைக்கிள் பழுது பார்க்கும் மசிபோவுக்குக் கையைவிட வாய் நீளம். ஒரு பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் அரசாங்கத்தையே கழற்றி மாட்டிவிடுவார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. வடக்கே ஒட்டகம் மேய்க்கும் பொட்டலில் இந்தத் தொகுதியின் ஜனத்தில் நாலில் ஒரு பங்குகூடக் கிடையாது. அவர்களுக்கும் ஒரு எம்.பி., இங்கேயும் ஒரே ஒரு எம்.பி. பள்ளி உதவித்தொகையும் தொகுதிக் கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. அங்கே கேட்ட பிள்ளைக்கெல்லாம் கிடைத்தது. இங்கே மசிபோவின் மூத்த மகள் நசாம்பு பாதியில் படிப்பை விட்டாள்.

"அவங்க ஓட்டு ஆட்டுக்கிடா, நம்ம ஓட்டு கோழிக்குஞ்சா?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துக் கேட்பார் மசிபோ.

தொகுதி எல்லைகளை வரையும் ஆணையம் பந்தல் போட்டு ஜனங்களிடம் கருத்துக் கேட்க வருகிறது என்று தெரிந்ததும், தனியாக ஒரு தொகுதி கேட்டே தீருவது என்று சந்தை கிளம்பிவிட்டது. ஒரே குறை, தலை போதவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் அபுரு மேட்டில் இருக்கும் டெசோ என்கிற வேற்று இனத்து ஜனத்தையும் சேர்த்தால் கணக்குச் சரியாகும்.

மேட்டில் ஒக்கிசாய் இருந்தார். இளவட்ட காலத்துச் சிநேகம். அவர் வீட்டு முற்றத்தில் கேழ்வரகுக் கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நீளக் குழலைப் போட்டு உறிஞ்சுவார்கள். டெசோ அல்லாதவர்களில் அங்கே சொந்தக் குழல் வைத்திருந்தவர் மசிபோ ஒருவர்தான். அந்தப் பானையடியில்தான் பேச்சு நடந்தது.

"எங்க சொந்தக்காரங்க பாதிப் பேர் மேட்டுக்கு அந்தப்பக்கச் சரிவுல இருக்காங்கப்பா," என்றார் ஒக்கிசாய். "எல்லாரும் ஒண்ணா ஓட்டுப் போடறதாலதான் எலெக்‌ஷன் வந்தா எவனாவது இந்தப் பானைகிட்ட வந்து குந்தறான். நடுவுல கோடு போட்டுட்டா எங்களை எவன் தேடுவான்?"

"நான் எதுக்கு இருக்கேன்? புதுத் தொகுதி வந்தா முதல் வேலை ஓடைக்குப் பாலம். உன் பேத்தி மழையிலயும் பள்ளிக்கூடம் போவா."

"நீயா கட்டப்போறே?"

"எம்.பி.யைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கட்ட வைக்கிறேன்."

"உன் சைக்கிளுக்கே பிரேக் பிடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே சம்மதித்தும் விட்டார்கள். மசிபோ மேல் அவ்வளவு நம்பிக்கை.

பந்தலில் மசிபோ வெளுத்து வாங்கினார். ஒக்கிசாய் எழுந்து, மேடும் சந்தையோடு வரும் என்று சொல்லி உட்கார்ந்தார். தொகுதி கிடைத்தது. சந்தை மாடு அடித்துக் கொண்டாடியது.

அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் சந்தையையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். மேட்டில் ஒருவரும் ஏறவில்லை. எதற்கு ஏற வேண்டும்? பாதியாக வெட்டுப்பட்ட அந்த ஓட்டு யாரையும் ஜெயிக்க வைக்காது, யாரையும் கவிழ்க்கவும் செய்யாது. சந்தைக்குத் தார் ரோடு வந்தது. உதவித்தொகை வந்தது. மசிபோவின் கடைக்குட்டி படித்து முடித்தாள். பாலம் மட்டும் வரவில்லை. மசிபோ எம்.பி. வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு முறையும் டீ கிடைத்தது, "பார்க்கலாம் பெரியப்பா" கிடைத்தது.

ஒக்கிசாயின் பேத்தி அக்கோல் மழைக்காலம் முழுக்க வீட்டில் கிடந்து, பரீட்சையில் தவறி, படிப்பை விட்டாள். நசாம்புவின் படிப்பு நின்ற நாளை மசிபோ மறக்கவில்லை. மறந்திருந்தால் மேட்டுக்குப் போக முகம் இருந்திருக்கும். போவதை நிறுத்திக்கொண்டார்.

வருஷங்கள் கழித்து ஆணையம் மறுபடி பந்தல் போட்டது. எங்களைப் பழையபடி எங்கள் ஜனத்தோடு சேர்த்துவிடுங்கள் என்று மேடு மனுக் கொடுத்தது. சந்தைக்காரர்கள் மசிபோ கடையில் கூடிவிட்டார்கள்.

"அவங்க போயிட்டா நம்ம தொகுதியே போயிடும்ணே. நீங்கதான் எந்திரிச்சுப் பேசணும்."

"நான் பேசமாட்டேன்ப்பா. வேற ஆளைப் பாருங்க."

சிநேகிதனுக்காக வாயைக் கட்டிக்கொண்டோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. பந்தலில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சந்தைக்காக ஒரு வக்கீல் பிய்த்து உதறினார். மேட்டுக்காக ஒக்கிசாய் திக்கித் திணறிப் பேசி முடித்தார்.

"சந்தைப் பக்கத்துலேர்ந்து இந்த மனுவை ஆதரிக்கிறவங்க யாராவது உண்டா?" என்று ஆணையத்திலிருந்து வந்திருந்த அம்மாள் கேட்டார்.

மசிபோ பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். இரண்டு பக்கமும் அவருடைய வாடிக்கைக்காரர்கள், பங்காளிகள். அவர் எழவில்லை. கோடு போட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவானது.

வெளியே ஒக்கிசாய் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். மசிபோ கிட்டே போனார்.

"உனக்கு எதிரா ஒரு வார்த்தை பேசலை நான்."

"பார்த்தேன்," என்றார் ஒக்கிசாய். "எங்களைச் சேர்க்கறப்ப அவ்வளவு பேசினே. விட்டுடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மசிபோ. எங்க பேச்சு எடுபடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

 

"உன் குழல் இன்னும் எங்க கூரையிலதான் செருகிக் கிடக்கு," என்றார் ஒக்கிசாய், கிளம்பும்போது. "வந்து எடுத்துட்டுப் போயிடு."

மசிபோ இன்றுவரை போகவில்லை. பஞ்சர் ஒட்டுகிறார், அரசாங்கத்தைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் பம்பை எடுத்துக் காற்றடிக்கத் தொடங்கிவிடுகிறார். குழலைப் போய் எடுத்துவிட்டால் அத்தோடு சிநேகமே முடிந்துவிடுமே என்று அவருக்குப் பயம்.