கதவுக்குள் இருந்த கரையான்

உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போனதும் பாபநாசத்து மிராசுதார் ஒருவர் தம் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை விற்க முன்வந்தார். அதை வாங்க என் அண்ணனுக்குத் தீராத ஆசை. கார்ப் பைத்தியங்களான அவன் நண்பர்கள் இருவரும் கூடவே வந்தார்கள்.

"இன்ஜின் ராஜா மாதிரி இருக்கு, யோசிக்காதடா!" என்றான் ஒருவன்.

"பார்ட்ஸுக்கு லண்டனுக்கா போவ?" என்றான் மற்றவன்.

பாலிடெக்னிக்கில் படித்த நான் பார்க்க வேண்டியவற்றை எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதில் மூன்றாவது, அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் தகரத்துக்கு அடியில் இருக்கும் மரச்சட்டம். ஈரம் தாக்காமலிருக்க மிராசுதார் வைக்கோல் பரப்பி அதன்மேல் காரை நிறுத்தியிருந்தார். வைக்கோல் வழியே கரையான் ஏறியிருந்தது. கதவுச் சட்டத்தில் என் ஸ்க்ரூடிரைவர் பிடிவரை இறங்கியது.

"லிஸ்ட்ட வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல நீ?" என்றான் அண்ணன்.

கார் வாங்கவில்லை. அதை ஓட்டிப் பார்க்க எனக்கும் ஆசையிருந்ததை அவனிடம் நான் சொல்லவில்லை.