தொட்டில் வாங்காமல் அழைத்து வந்த மகள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கல்யாணமாகிப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. அடையாறில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் தத்தெடுக்கப் பெயர் கொடுத்திருந்தோம். அவர்கள் வீட்டுக்கு வந்து, சமையலறை வரை எட்டிப் பார்த்து, திருப்திதான் என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குத் தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. என் கணவர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

அந்த ஆடி மாதம் அவருடைய கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடம் பெருக்கி, துணியெல்லாம் மடித்து வைத்திருந்தது.

"கேட்டுல பூட்டு தொங்குது. வேற என்ன பண்றதுன்னு தெரியலை, அதான்" என்றார்.

அடுத்த வாரமே கீழ்வீட்டு மாமி படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார். எங்களிடம் போன் கிடையாது. மாமி வீட்டு நம்பரைத்தான் இல்லத்துக்குக் கொடுத்திருந்தோம்.

"அடையாறுலேர்ந்து போன் வந்துது. பொண் குழந்தை இருக்காம். நாளைக்கு ரெண்டு பேரும் வந்து பாக்கச் சொன்னா."

இத்தனை வருடம் எந்தச் செய்திக்காகத் தவம் கிடந்தேனோ, அது வந்ததும் பயம்தான் முந்திக்கொண்டது. ஒரு சம்பளத்தில் எப்படி வளர்ப்பது? அவருக்கு வேறு வேலை கிடைக்கும்வரை தள்ளிப்போட்டால் என்ன? கேட்டேன்.

"வேலை கிடைச்சதும் வர்றோம்னு சொன்னா, அந்தக் குழந்தை நமக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? போவோம். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுவோம். தர மாட்டோம்னு சொன்னா திரும்பி வந்துடுவோம்" என்றார்.

கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். சாமியிடம் பேரம் பேசியே பழகியவள் நான். இதைக் கொடு, அதைச் செய்கிறேன் என்பேன். அன்றைக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. "நாளைக்குப் போறோம், கூட வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இல்லத்தின் பொறுப்பில் இருந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே என் கணவர் சொல்லிவிட்டார்.

"மேடம், எங்க கம்பெனியை மூடிட்டாங்க. இப்ப எனக்கு வேலை இல்லை. உங்ககிட்ட மறைக்கக் கூடாது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க வேலைக்குப் போறீங்கதானே? அப்ப பகல்ல குழந்தையை யாரு பார்த்துப்பாங்க?"

ஆயா வைத்துக்கொள்வதாகத்தான் முன்பு சொல்லியிருந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "நான் பார்த்துப்பேன்" என்றார். என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த நிமிஷம்வரை அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க வந்த அப்பா யாரும் இதுவரைக்கும் இப்படிச் சொன்னதில்லை. குளிப்பாட்டத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கறேன்."

குழந்தையை எடுத்துவரச் சொன்னார். நாலு மாதக் குழந்தை, தலை நிறைய முடி. என் கணவர் மடியில் விட்டதும் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"எங்க விசாரிப்பெல்லாம் முடிஞ்சாச்சு. இன்னிக்கே அழைச்சிட்டுப் போறீங்களா?"

பார்த்துவிட்டு வரத்தான் போயிருந்தோம். கண் பட்டுவிடுமோ என்று ஒரு பால் பாட்டில்கூட வாங்கி வைத்ததில்லை. நான் யோசிக்காமல் தலையாட்டினேன். பெரிய முடிவு ஒன்றை அப்படி எடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆட்டோக்காரர் அடையாற்றுப் பாலத்தின்மேல் நடக்கிற வேகத்தில்தான் போனார். "காத்து அடிக்குதுமா, கொயந்தைய முந்தானையால மூடிக்க. பஸ்காரன் ஆரன் அடிச்சிக்கினு கெடக்கட்டும்" என்றார்.

வாசலில் மாமி ஆரத்தி சுற்றிவிட்டு, "தொட்டில் எங்கேடி?" என்று கேட்டார்.

"வாங்கலை மாமி. எதுவுமே வாங்கலை."

மாமி நேராக எதிர்வீட்டுக்குப் போனார். அவர்கள் திருநெல்வேலிக்காரர்கள், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். கடையில் புதுத்துணி குவிந்து கிடந்தாலும் அந்த வீட்டு அக்கா கொண்டுவந்தது தன்னுடைய பழைய நூல் சேலைகளைத்தான்.

"பச்சப்பிள்ளைக்கு இதுதான் மெத்துனு இருக்கும், கேட்டியளா" என்று சொல்லி, கூடத்து விட்டத்துக் கொக்கியில் தானே தூளி கட்டினார். மாமியின் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். எந்த அளவில் பால் பாட்டில் வாங்குவது என்று தெரியாமல் கடையில் இருந்த எல்லா அளவிலும் ஒவ்வொன்று வாங்கி வந்தார். விளக்கேற்றும் நேரத்துக்குள் எங்கள் கூடத்தில் நிற்க இடமில்லை. குழந்தை தூளியில் தூங்கிவிட்டது.

கம்பெனி மறுபடி திறக்கவே இல்லை. மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட, மாமியின் அதட்டலுக்கு நடுவே அவர் கற்றுக்கொண்டார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டே தெருப் பையன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் நண்பர்களைக் கூட்டி வந்தான். அதுவே அவருக்குத் தொழிலாகிவிட்டது. என் சம்பளம் அந்த முதல் வருடம் எப்படிப் போதுமானதாக இருந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் பாலுக்கு இல்லை என்று ஒருநாளும் ஆனதில்லை.

கம்பெனியில் பூட்டுத் தொங்காமல் இருந்திருந்தால் அவளை ஆயாவிடம்தான் விட்டிருப்போம். அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் நான் அவ்வளவு பயந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன். ஆனால் பயந்துகொண்டே கிளம்பிவிடலாம், போகிற இடத்தில் சாமி இருப்பார் என்பது பழகிவிட்டது.

மகள் முதலில் பேசிய வார்த்தை "ப்பா". நான் ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் வந்ததும் அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று சமையல் முடியும்வரை கெஞ்சினேன். அவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தபடி, "ப்பா" என்றாள்.