சீக்கிரமே தீர்ந்துபோன களிம்பு

அரியலூரில் டாக்டர் இல்லாமல் நான் பெரம்பலூருக்குப் போகவில்லை. இங்கே எந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாலும், என்னிடம் படித்தவன் எவனாவது வந்து, "வணக்கம் சார், உடம்புக்கு என்ன சார்?" என்று கேட்பான். ஆசனவாயில் எரிச்சல் என்று ஓர் அறிவியல் வாத்தியார் எப்படிச் சொல்வது? அதனால் பஸ் ஏறினேன். சீட்டு காலியாக இருந்தும் வழியெல்லாம் நின்றுகொண்டே போனேன்.

அதற்கு முந்தைய நாலு மாதமும் அதை மூலம் என்றே நினைத்து, கருணைக்கிழங்காகத் தின்று தீர்த்திருந்தேன். காலையில் கழிப்பறைக்குப் போய்வந்தால் மத்தியானம் வரை மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரியும். அந்த எரிச்சலை வகுப்பில் பிள்ளைகள்மேல் காட்டினேன். அதுவும் ஒரு பாவம்தான்.

பெரம்பலூரில் இருந்தது லேடி டாக்டர். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன், கம்பவுண்டர் விடவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "மூலம் இல்ல சார், வெடிப்பு. நாள்பட்டுப் போச்சு. ஆனா உடனே ஆபரேஷன் வேணாம். சொல்றத ரெண்டு மாசம் ஒழுங்கா செய்ங்க, பாப்போம்" என்றார். கீரை, பழம், இசப்கோல் உமி. வெந்நீர்த் தொட்டியில் உட்கார வேண்டும். காலையும் மாலையும் பட்டாணி அளவு களிம்பு. எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். செந்துறையில் எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து நான் சாயங்காலம் வரை வாய்கூட நனைப்பதில்லை. அதைச் சொன்னதும் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவி பார்த்துக்கொண்டாள். பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பையில் வைப்பாள், மாலையில் காலியாகிவிட்டதா என்று ஆட்டிப் பார்ப்பாள். தொட்டி வெந்நீரில் முழங்கையை விட்டு, "இவ்ளோ சூடுதான் இருக்கணும். டெட்டால் எல்லாம் ஊத்திராதீங்க, எரியும்" என்பாள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வலி மெல்லக் குறைந்தது. ஆனால் ஒரு மாதம் வரவேண்டிய களிம்பு பதினைந்து நாளில் தீர்ந்துவிட்டது. "மருந்துக்கடைக்காரன் காத்த அடைச்சுக் குடுத்துட்டான்" என்று குதித்தேன். இரண்டாவது ட்யூபும் அப்படியே ஆனதும், சண்டை போடுவதென்று சட்டையை மாட்டினேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், "கடைக்காரரத் திட்டாதீங்க. நான்தான் போட்டுக்கிறேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கு?"

"உங்களுக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறந்தே போயிருந்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவளுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவம் எங்கள் வீட்டில். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு போட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுப் பத்தியம். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். கீரை கிடையாது, பழம் கிடையாது. சுட்ட பூண்டும் கருவாடும் சோறும்தான். அம்மா வயலுக்குப் போகும்போது காவல் என்னுடையது. உடம்புக்குத் தண்ணீர் ஏன் வேண்டும் என்று ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன், வீட்டுக்கு வந்து அவள் அறையிலிருந்த குடத்தைத் தூக்கிப் பின்கட்டில் ஒளித்து வைத்தேன்.

"ஒரே ஒரு வாய்ங்க, நாக்கு ஒட்டுது" என்று கெஞ்சினாள். "அம்மா சொன்னா கேளு" என்றேன். பத்தாம் நாளோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போனால் இரத்தம் போகிறது என்றாள். "பிள்ளை பெத்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்றேன். அதற்குப்பிறகு அவள் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு நாலு மாதம் வலித்ததற்கு வீடே என்னைச் சுற்றி ஓடியது. நினைக்க வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமையே அவளைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வந்தாள். எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். அது அவள் பழக்கம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு வந்து, "எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டார்.

"எங்க பொண்ணுக்குப் பதினோரு வயசு ஆவுதுங்க மேடம்" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். மனைவி பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது.

"பிரசவத்தப்ப தண்ணி குடுக்காம குடத்த ஒளிச்சு வச்சது நான்தான் மேடம்" என்றேன்.